நாலு வயசுக்கு நோட்டு எதற்கு?

ஆனையூர் பக்கம் குடியிருக்கும் ஒரு தாய் கேட்டிருந்த கேள்வி இது. மகளுக்கு நாலு வயது. சேர்த்திருக்கும் பள்ளியில் "பிள்ளையின் விருப்பப்படி கற்றல், படைப்பாற்றல்" என்றெல்லாம் சொன்னார்கள். ஆறு மாதமாகியும் வீட்டுக்கு நோட்டு வரவில்லை. மண்ணும் பெயிண்டும் அப்பிய சட்டைதான் வருகிறது. எதிர்வீட்டுப் பையன் நூறு வரை எழுதுகிறான். "ஃபீஸ் கட்டி மண்ணு விளையாட விடணுமா?" என்கிறார் மாமியார். வரைகிற படமும் வெறும் கிறுக்கலாக இருக்கிறது. பள்ளியை மாற்றுவதா, டிராயிங் கிளாஸில் சேர்ப்பதா?

நான் 22 வருஷமாக மதுரையில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறேன். முதல் 12 வருஷம் மழலையர் வகுப்பு மிஸ். அப்புறம் மிஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. இந்தக் கேள்வி ஒவ்வொரு வருஷமும் காலாண்டு விடுமுறையை ஒட்டி வரும். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து "எங்கே, ஒரு ரைம் சொல்லு" என்று பிள்ளையை நிறுத்தி வைத்துக் கேட்கிற பருவம் அது.

உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. பிள்ளையின் போக்கில் விடுகிறோம் என்று சொல்லும் பள்ளிகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் பிள்ளைகளை மண்ணில் இறக்கிவிட்டு மிஸ் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொன்றில் மிஸ் பிள்ளைகளின் பின்னாலேயே போவார். பார்ப்பார், குறித்துக்கொள்வார், மறுநாளைக்கு எதை எடுத்து வைக்கலாம் என்று யோசிப்பார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், சட்டையில் ஒட்டும் மண்ணும் ஒன்றுதான். முதல் ரகத்துக்கு ஃபீஸ் கட்டுவது வீண். அதற்கு வீட்டு வாசலே போதும்.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, வகுப்பின் சுவரைப் பார்ப்பது. இருபது ஆப்பிள், இருபதும் ஒரே அச்சு, இருபதும் சிவப்பு, இருபதும் கோட்டுக்குள் என்று இருந்தால் அதைச் செய்தது மிஸ். பிள்ளையின் கைவேலை என்றால் ஒன்று மூலையில் இருக்கும், ஒன்று பச்சையாக இருக்கும், ஒன்றை ஆப்பிள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. படத்துக்குக் கீழே பிள்ளை சொன்ன வாக்கியத்தை மிஸ் எழுதி வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். அது இருந்தால் எனக்குப் பாதி நிம்மதி.

இந்த யோசனை வெளியூர்ச் சரக்கு என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா என்று ஒரு ஊர். 1945-ல் போர் முடிந்ததும் அதன் பக்கத்துக் கிராமத்து மக்கள், பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்றுத் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். அதைக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போன இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுஸ்ஸி வாழ்நாளெல்லாம் அந்த வேலையிலேயே தங்கிவிட்டார். 1963-ல் அந்த ஊர் நகராட்சியே முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. பேச்சு ஒன்றுதான் மொழி என்று நினைக்காதீர்கள், களிமண், வண்ணம், நிழல், ஆட்டம், கட்டை என்று பிள்ளைக்கு நூறு மொழி இருக்கிறது என்பது அவர் பேச்சு. அங்கே பள்ளிக்குள் ஒரு பட்டறை அறையும் அதற்கென்று ஒரு கலை ஆசிரியரும் உண்டு.

மரியா மாண்டிசோரி நமக்கு இன்னும் நெருக்கம். 1907-ல் ரோமில் ஏழைப் பிள்ளைகளுக்காக முதல் பள்ளியைத் தொடங்கியவர், 1939-ல் பயிற்சி கொடுக்கச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியது. அவர் இத்தாலிக்காரர் என்பதால் ஆங்கிலேய அரசு ஊர் திரும்ப விடவில்லை. அந்தக் காலத்தில் இரண்டு வருஷம் போல அவர் இருந்தது கொடைக்கானலில். நம் ஊரிலிருந்து நாலு மணி நேர பஸ் தூரத்தில், செடியும் பூச்சியும் பார்த்தபடி பல வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்தார். ஒன்று சொல்லிவிடுகிறேன். மாண்டிசோரி வகுப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் அதைக் கையாள ஒரு முறை உண்டு. ரெஜ்ஜோ வழியில் பொருளை வைத்துப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். பெயர்ப்பலகையில் இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கும் பள்ளியில் "இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுப்பாருங்கள். பதில் சொல்பவர் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சரி, பிள்ளையின் பின்னால் போவது என்றால் என்ன? நான் பயிற்சி கொடுக்கப் போன ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

சிம்மக்கல்லிலிருந்து ஷேர் ஆட்டோவில் தினமும் வைகை மேலிருக்கும் ஏ.வி. பாலம் தாண்டி வரும் ஒரு பெண் குழந்தை, நாலரை வயது. ஒரு நாள் வந்து நின்று கேட்டாள்: "மிஸ், ஆத்துலதான் தண்ணி இல்லையே, அப்புறம் எதுக்குப் பாலம்?"

மதுரைக்காரர்கள் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி! எனக்கு வாய் துறுதுறுத்தது. 1889-ல் திறந்த பாலம், அணை, மழை என்று ஆரம்பித்திருப்பேன். அந்த மிஸ் என்னைவிடப் பொறுமைசாலி. "உங்களுக்கெல்லாம் என்ன தோணுது?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். "கீழ மாடு போறதுக்கு" என்றது ஒன்று. "அழகர் வந்தா தண்ணி வரும்" என்றது இன்னொன்று. "பாலம் முதல்ல வந்துருச்சு, ஆறு இனிமேதான் வரும்" என்றான் ஒரு பையன். மிஸ் மூன்றையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

மறுநாள் முற்றத்தில் ஒரு மணல் குவியல், நாலு செங்கல், இரண்டு தென்னை மட்டை, சிரட்டைகள், ஒரு வாளித் தண்ணீர். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் வாய்க்கால் தோண்டிச் செங்கல் மேல் மட்டையை வைத்துப் பாலம் போட்டுவிட்டார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். மணல் குடித்துவிட்டது. மறுபடி ஊற்றினார்கள், மறுபடி குடித்தது. "தண்ணி எங்க போச்சு?" பாலத்தை விட்டுவிட்டு இரண்டு நாள் இதே பேச்சு. ஒருத்தன் பாலித்தீன் பை கொண்டுவந்து விரித்தான், அது மிதந்து போனது. மூன்றாம் நாள் மிஸ் ஒரு கூடைக் கரிசல் மண்ணை ஓரமாகக் கொட்டி வைத்தார். அதை யாரோ குழைத்து வாய்க்காலில் பூச, தண்ணீர் நின்றது. கண்மாய்க்கரை போடுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயத்தை அந்தப் பிள்ளைகள் கையால் கண்டுபிடித்தார்கள். அதைக் கண்டுபிடிக்கக் கரிசல் மண் அங்கே இருக்க வேண்டும், அதுவும் மூன்றாம் நாள் இருக்க வேண்டும். முதல் நாளே வைத்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

வாய்க்கால் நிறைய எத்தனை சிரட்டை என்று எண்ண ஆரம்பித்தார்கள். பெரிய சிரட்டையில் எண்ணியவனுக்கு ஒரு கணக்கு, சின்னச் சிரட்டையில் எண்ணியவளுக்கு வேறு கணக்கு. சண்டை வந்தது. அளவை என்ற பாடம் சண்டையாகத்தான் உள்ளே வரும். ஒருத்தன் முழு வாளியையும் ஒரே போடாகக் கவிழ்க்கப் பாலம் போய்விட்டது. அழுகை. மறுபடி கட்டியபோது ஒரு பையனுக்குப் பலகை வேண்டியிருந்தது: யாரும் அங்குட்டுப் போகக் கூடாது. எப்படி எழுதுவது என்று கேட்டான். மிஸ் சிலேட்டில் "போகாதே" என்று எழுதிக் காட்டினார். அதைப் பார்த்து அட்டையில் எழுதினான், ஒரு எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருந்தது. அவன் வாழ்க்கையில் முதலில் எழுதிய எழுத்து 'அ' கிடையாது, 'போ'.

கடைசி வாரம் ஆற்றை வரையச் சொன்னபோது ஒரு விஷயம் கவனித்தேன். நீலக் க்ரேயானை யாருமே தொடவில்லை. பழுப்பு ஆறு, அதில் ஆடு, அதில் கிரிக்கெட். படப் புத்தகத்து ஆறு நீலமாக இருக்கும். இவர்கள் வரைந்தது வைகையை. ஒரே ஒரு பிள்ளை மட்டும் ஒரு ஓரத்தில் பச்சை தீட்டி "இது ஆகாயத்தாமரை" என்றது.

மூன்று வாரத்தில் ஆர்வம் வடிந்து எறும்புப் புற்றுக்குப் போய்விட்டார்கள். மிஸ்ஸும் பாலத்தை விட்டுவிட்டார். இதில் அவர் சும்மா இருந்த நேரம் எது என்று சொல்லுங்கள் பார்க்கலாம். மணலை எறிந்தவனைக் கையைப் பிடித்து வெளியே உட்கார வைத்தவரும் அவர்தான். பிள்ளையின் விருப்பம் என்றால் எதற்கும் இல்லை என்று சொல்லக் கூடாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அது தப்பு.

இப்போது நோட்டுக்கு வருவோம். நம் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள். பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை, குருத்தாக இருக்கும். ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி எலும்பு தெரியப் பெரும்பாலும் 9, 10 வயது ஆகும். விரல் தசையும் அப்படித்தான், மெதுவாக வலுக்கும். பென்சிலை மூன்று விரலால் நிதானமாகப் பிடிக்கும் பிடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு 4 வயதுக்கு மேல், 6 வயதுக்குள் வருகிறது. அந்தப் பிடியைக் கொண்டுவருவது களிமண் பிசைவது, துணி பிழிவது, பட்டாணி உரிப்பது, மல்லிகை மொட்டை நாரில் கட்டப் பார்ப்பது. நாலு வயதில் நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைத்தால் பென்சிலை முஷ்டியால் பிடிக்கப் பழகுவார்கள். அதை மாற்ற இரண்டாம் வகுப்பு மிஸ் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

2022-ல் வந்த தேசியக் கலைத்திட்டமே 3 முதல் 6 வயது வரை பாடப்புத்தகம் வேண்டாம் என்கிறது. தேசியக் கொள்கையில் நமக்கு ஆயிரம் சண்டை இருக்கட்டும், இந்த ஒரு இடத்தில் நம் மாநில அங்கன்வாடிகளின் "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" பாடத்திட்டத்துக்கும் அதற்கும் பெரிய பகை இல்லை.

எதிர்வீட்டுப் பையன் நூறு வரை எழுதுவது அவனுக்கு நல்லதுதான். ஆனால் எழுதுவதும் எண்ணுவதும் வேறு. "ஏழு ஸ்பூன் எடுத்துட்டு வா" என்று சொல்லி உங்கள் மகள் எண்ணி எடுத்து வருகிறாளா என்று பாருங்கள். வந்தால் கணக்கு அவளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. (அந்தப் பையனை அவன் அம்மா முன்னால் சோதித்துவிடாதீர்கள். அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா.)

படத்துக்கு வருகிறேன். கிறுக்கல் என்று சொன்னீர்கள். இரண்டு வயதில் கை போன போக்கில் கோடு. அப்புறம் வட்டம் மூட ஆரம்பிக்கும். மூன்று, நாலு வயதில் அந்த வட்டத்திலிருந்து நேராக இரண்டு கால் முளைக்கும், உடம்பே இருக்காது. எந்த ஊர்ப் பிள்ளையானாலும் முதலில் வரையும் மனிதன் பெரும்பாலும் இந்தத் தலைக்குக் கால் முளைத்த ஆள்தான். தரைக்கோடும் அதன் மேல் வீடு, மரம், ஆள் வரிசையாக நிற்பதும் ஏழு வயது வாக்கில் வரும். இடையில் நாம் நுழைந்து "கை எங்கே, கழுத்து எங்கே" என்றால் அடுத்த படத்தில் கழுத்து வரும், பிள்ளை போய்விடும்.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது வாரம். ஒரு பையன் கறுப்பு க்ரேயானால் தாளைக் குத்திக் குத்திப் புள்ளியாக நிரப்பிக்கொண்டிருந்தான். சத்தம் வேறு. கோபத்தில் குத்துகிறான், தாளும் பாழ் என்று நினைத்து அதை வாங்கிவிட்டுப் புதுத் தாள் கொடுத்து, "அழகா ஒரு பூ போடு கண்ணா" என்றேன். போட்டான், சொன்னபடி ஒரு பூ. சாயங்காலம் அவனைக் கூப்பிட வந்த அவன் அப்பாவிடம் அந்தப் புள்ளித் தாளைக் காட்டி, "இப்படிச் செய்றான்" என்று குறை சொன்னேன். அப்பா பையனிடம் குனிந்து, "என்னய்யா இது?" என்றார். "எல்லாம் தலை" என்றான். சித்திரைத் திருவிழாவுக்கு, அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில், அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அந்த உயரத்திலிருந்து அவனுக்குத் தெரிந்தது கூட்டத்தின் தலைகள். ஒரு மாதத்துக்கு மேல் மனசில் வைத்திருந்து இறக்கியிருக்கிறான், நான் பிடுங்கிவிட்டேன். தாளின் நடுவில் புள்ளியே இல்லாத ஒரு இடம் இருந்தது. அங்கேதான் குதிரை என்றானாம்.

அதனால் "இது என்ன?" என்று கேட்பதைக்கூட நான் விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே பிள்ளை ஒரு பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும். "இங்க நிறைய கறுப்பு இருக்கே" என்று கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். சொல்ல இருந்தால் அதுவே சொல்லும். இல்லாவிட்டால் வெறும் வண்ணமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், எல்லாப் படமும் எதையாவது காட்ட வேண்டும் என்று சட்டமா?

டிராயிங் கிளாஸ் இந்த வயதில் வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே போடச் சொல்வது பெரும்பாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. ஆனைமலையைத் தினம் பார்க்கிற பிள்ளை எதற்கு முக்கோண மலை போட வேண்டும்? பரிசு கொடுக்கும் கலரிங் போட்டியும் அப்படித்தான். 1973-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் ஒரு சோதனை நடந்தது. வண்ணப் பேனாவால் வரைய ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், வரைந்ததும் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா வைத்தபோது, பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. வீட்டில் "வரைஞ்சா சாக்லேட்" என்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் செய்ய ஒன்றும் பெரிதாக இல்லை, காசும் வேண்டாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், ஒரு டப்பா நிறைய மூடிகள், நூல், துணித்துண்டு. மஞ்சள்தூளைக் கரைத்துத் தாளில் பூசச் சொல்லி, காய்ந்ததும் சோப்புத் தண்ணீரில் விரலைத் தொட்டுக் கோடு போடச் சொல்லுங்கள். கோடு சிவப்பாக வரும். ஆரத்தியில் சிவக்கிற அதே சங்கதி, சுண்ணாம்பு மட்டும் பிள்ளை கையில் வேண்டாம், கண்ணுக்கு ஆகாது. சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும். களிமண் வேண்டுமென்றால் திருப்பரங்குன்றம் போகிற வழியில் விளாச்சேரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். கொலுப் பொம்மை செய்கிறவர்கள் நிறைந்த ஊர், மண் எப்படிப் பொம்மையாகிறது என்று மகளும் பார்ப்பாள். புளியங்கொட்டை, பாசிமணி போன்றவற்றை மட்டும் கண் பார்வையில் கொடுங்கள். மூக்குக்குள் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளை வருஷத்துக்கு ஒன்றாவது இருக்கும்.

மாமியாரையும் இதற்குள் இழுத்துக்கொள்ளலாம். அவரோடு வாதாடிப் பிரயோஜனம் இல்லை. காலையில் கோலம் போடும்போது பேத்திக்கு ஒரு பிடி மாவும் வாசலில் ஒரு முழ இடமும் கொடுக்கச் சொல்லுங்கள். பல்லாங்குழி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், கூட்டலும் கழித்தலும் அதில் ஓடும். சொப்புச் சாமான் வைத்துச் சோறு பொங்கியவர்தானே அவரும். கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போய் வாருங்கள். 2023-ல் திறந்தது, ஊரிலிருந்து 12 கிலோமீட்டர்தான். அங்கே சுடுமண் வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடையும் இருக்கின்றன. உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கியதைப் பார்த்தால் "நாங்களும் இப்படித்தான்டி சில்லு செஞ்சோம்" என்று அப்பத்தாவே கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

ஒன்றாம் வகுப்பில் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது, மழுப்பப் போவதில்லை. இப்படிப் படித்த பிள்ளை, பத்தி பத்தியாகப் போர்டைப் பார்த்து எழுதும் பள்ளிக்குப் போனால் முதல் சில மாதம் சிரமப்படும். யு.கே.ஜி.யின் கடைசி ஆறு மாதத்தில் எழுத்து வேலை கொஞ்சம் கூட வேண்டும் என்று நானே பள்ளிகளில் சொல்வேன். ஐந்தரை வயதுக் கை அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சேர்க்கைக்குப் பிள்ளைக்குத் தேர்வு வைப்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி கூடாது. "சும்மா பேசிப் பார்க்கிறோம்" என்று வைக்கிற இடம் உண்டு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு வயதில் வெளியாட்களுக்குப் புரியும்படி பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, மற்றப் பிள்ளைகள் பக்கமே போவதில்லை என்றால் அது வேறு விஷயம். பள்ளியை மாற்றுவதற்கு முன் காதையும் கண்ணையும் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது "ஏன் எழுத வைக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், தயாராக வைத்திருக்கும் பதில்தான் வரும். "போன வாரம் என் மகள் எதில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்? அதுக்கு அடுத்து நீங்க என்ன வெச்சீங்க?" என்று கேளுங்கள். மிஸ் நோட்டைப் புரட்டியோ யோசித்தோ, "தண்ணிக் குழாய்கிட்டயே நின்னா, அதனால புனல் கொடுத்தேன்" என்கிற மாதிரி உங்கள் பிள்ளையைப் பற்றி மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைச் சொன்னால் அங்கேயே விடுங்கள். "ஆக்டிவிட்டி எல்லாம் பண்றோம் மேடம், ஷி இஸ் வெரி ஆக்டிவ்" என்று மட்டும் வந்தால், காலாண்டு லீவிலேயே வேறு இடம் பாருங்கள்.